மூலக்கோப்பும் காட்சிநகலும்: ஒரு பறவை ஆர்வலர் குழுவின் இணையதள ஊடக மேலாண்மை பற்றிய நிகழ்வு ஆய்வு

பறவைகளைக் கவனித்துப் பதிவுசெய்யும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றின் இணையதளப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அதில் 7 ஆண்டுப் படங்களும் காணொளிகளும் ஒலிப்பதிவுகளும் சேர்ந்திருந்தன. குழுவினர் நல்ல ஒளிப்படக்காரர்கள். இருவர் பறவைக் குரல்களைப் பதிவுசெய்வதில் கைதேர்ந்தவர்கள். தளம் வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இயங்கியது. எங்களில் எவருக்கும் கணினித் துறைப் பயிற்சி கிடையாது. பக்கங்கள் திறக்க நேரமாகிறது, கைபேசியில் பாதியில் நின்றுவிடுகிறது, வாடகைக்கு எடுத்த வட்டு இடம் நிரம்பிவிட்டது என்ற மூன்று புகார்களோடுதான் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. கூடுதல் இடம் வாங்கினால் மூன்றும் தீர்ந்துவிடும் என்று குழு நம்பியது. நானும் முதல் இரண்டு வாரங்கள் அப்படித்தான் நம்பினேன். அடுத்த 10 மாதங்களில் தெரியவந்தது வேறு. காப்பாற்றி வைக்க வேண்டிய மூலக்கோப்பையும், பார்வையாளருக்குக் காட்ட வேண்டிய நகலையும் நாங்கள் ஒன்றாகவே கருதியிருந்தோம். ஏறத்தாழ எல்லாச் சிக்கல்களும் அந்த ஒரு குழப்பத்திலிருந்தே கிளைத்திருந்தன.

கனத்த படங்கள்

மிக மெதுவாகத் திறந்த பக்கத்தில் 20 படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து நேராக வந்தது. 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம், அதாவது 2 கோடியே 40 லட்சம் பிக்சல். ஆனால் எங்கள் பக்கத்தில் படம் தெரியும் பத்தியின் அகலம் 720 பிக்சல்தான். அடர்த்தி இரு மடங்கான திரைகளையும் கணக்கில் எடுத்தால்கூட 1440 பிக்சல் அகலம் போதும். அந்த அளவில் ஒரு படத்தில் ஏறத்தாழ 14 லட்சம் பிக்சல்களே இருக்கும். தேவையைப் போல 17 மடங்கு பிக்சல்களை நாங்கள் ஒவ்வொரு வருகையாளருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். கோப்பின் எடையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடும் இன்னொரு கணக்கும் உண்டு. சுருக்கி வைக்கப்பட்ட படத்தை உலாவி விரித்தால்தான் திரையில் காட்ட முடியும், விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் நினைவகம் தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில் ஒரு படத்துக்கு 96 எம்பி, 20 படங்களுக்கு 2 ஜிபிக்கு நெருக்கமாக வரும். கைபேசிகள் பாதியில் கைவிட்டதற்கு இணைய வேகம் மட்டும் காரணமில்லை என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகே விளங்கியது.

இதில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. ஒரே படத்தைப் பல அகலங்களில் தயாரித்து, திரைக்கு ஏற்றதை உலாவியே தேர்ந்துகொள்ளச் செய்யும் வசதி 2015 டிசம்பரில் வெளியான 4.4 பதிப்பு முதலே வேர்ட்பிரஸில் இருக்கிறது. அப்படியிருக்க, முழு அளவுப் படம் எப்படிக் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது? விசாரித்தபோது விடை மென்பொருளில் இல்லை, மனிதர்களிடம் இருந்தது. மென்பொருள் தயாரிக்கும் நகலில் இறகின் நுணுக்கம் மங்கிவிடுகிறது என்று ஒளிப்படக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் குறைப்பட்டிருக்கிறார். அதற்கு மாற்றாக, மூலப்படத்தின் முகவரியை நகலெடுத்துப் பக்கத்தின் நிரலில் நேரடியாக ஒட்டும் வழக்கத்தை யாரோ கற்றுக்கொடுக்க, அது குழு முழுவதும் பரவிவிட்டது. அப்படி ஒட்டிய படம், ஏற்றிய கோப்புகளை வேர்ட்பிரஸ் பட்டியலிட்டு வைக்கும் ஊடக நூலகத்தைச் சேர்ந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே அதற்கு மாற்று அளவுகளை அது சேர்ப்பதும் இல்லை. குறை சொன்னவர் மீதும் தவறில்லை. ஜேபெக் என்ற சுருக்கப்பட்ட பட வடிவில் உள்ள நகல்களை வேர்ட்பிரஸ் நூற்றுக்கு 82 என்ற தர அளவில் சேமிக்கிறது. மெல்லிய இறகுக் கோடுகள் நிறைந்த படத்தில் பயின்ற கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியக்கூடும்.

அவரோடு உட்கார்ந்து, ஒரே படத்தை 1440 பிக்சல் அகலத்துக்கு நாங்களே குறைத்து, குறைத்த பின் சிறிது கூர்மையேற்றி, வெவ்வேறு தரங்களிலும் வடிவங்களிலும் சேமித்து, எது எது என்று சொல்லாமல் கைபேசியிலும் மடிக்கணினியிலும் காட்டினோம். 1992 முதல் புழக்கத்தில் உள்ள ஜேபெக்கையும் 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி என்ற பட வடிவத்தையும் எங்களால் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை. எடையில் மட்டும் வெப்பி குறைந்திருந்தது. அவர் முன்பு கண்ட மங்கலுக்குப் பெரும்பங்கு காரணம் அளவைக் குறைத்த பின் கூர்மையேற்றாமல் விட்டது என்பது என் எண்ணம். சுருக்கத்தின் மீது பழியைப் போடுவது எளிது. ஒளிப்படங்களைப் பிஎன்ஜி வடிவில் சேமித்திருந்த சிலரையும் அன்றே திருத்தினோம். பிஎன்ஜி, கோடுகளும் எழுத்துகளும் உள்ள படங்களுக்கு ஏற்றது. ஒளிப்படத்தை அதில் வைத்தால் கோப்பு பல மடங்கு பருத்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கற்ற இரண்டு பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் நிரலில் குறிப்பிட்டால் உலாவி அதற்கான இடத்தை முன்பே ஒதுக்கிவிடும். குறிப்பிடாவிட்டால் படம் வந்து சேரும்போதெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும் வரி கீழே நழுவும். மற்றொன்று, கண்ணில் படும் நேரம் வரை படத்தை இறக்காமல் தள்ளிப்போடும் வசதி, பக்கத்தின் உச்சியில் உள்ள முதற்படத்துக்குக் கேடாக முடியும். நாங்கள் தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரல் ஒன்றைக் கொண்டு எல்லாப் படங்களையும் தள்ளிப்போட்டுவிட்டு, முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலை ஏன் எட்ட முடியவில்லை என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

நீக்கியதும் இழந்ததும்

இடம் நிரம்பிய புகாரைத் தீர்க்கப் போனபோதுதான் மிகப் பெரிய தவறைச் செய்தேன். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பு முதல், இவ்வளவு பெரிய ஒரு படத்தை ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150 பிக்சல் சிறுபடம் தொடங்கி 2048 பிக்சல் வரை ஆறு நகல்களையும், 2560 பிக்சலில் இன்னொன்றையும் உருவாக்கி, மூலத்தையும் வைத்துக்கொள்கிறது. ஒரு பதிவேற்றத்துக்கு 8 கோப்புகள். ஊடக நூலகத்தில் 'இணைக்கப்படாதவை' என்று ஒரு வடிகட்டி இருப்பதைக் கண்டதும், பயன்படாத படங்கள் என்று அதற்குப் பொருள்கொண்டு, அந்தப் பட்டியலை மொத்தமாக நீக்கினேன்.

அந்தச் சொல்லின் பொருள் அது அல்ல. ஒரு கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏற்றப்பட்ட படம் அந்தக் கட்டுரையோடு 'இணைக்கப்பட்டது' என்று குறிக்கப்படுகிறது. நூலகத்தில் தனியாக ஏற்றிப் பிறகு பத்துக் கட்டுரைகளில் பயன்படுத்திய படமும், முகவரியை நகலெடுத்து ஒட்டிய படமும் 'இணைக்கப்படாதவை' பட்டியலிலேயே கிடக்கலாம். எங்கள் குழுவின் பழக்கத்தால் மிக அதிகமாகப் பயன்பட்ட படங்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. கட்டுரைகளை நீக்கினால் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஊடகக் கோப்புகளுக்கோ, நாமாகச் சொல்லி வைத்தாலன்றி, குப்பைத்தொட்டி கிடையாது. நீக்கியது நீக்கியதுதான். சேவை வழங்குநர் 7 நாள் காப்புநகல் மட்டுமே வைத்திருந்தார். உடைந்த பக்கங்களை ஒருவர் கவனித்துச் சொன்னது 9ஆம் நாள்.

மீட்பு வேலை இரண்டு மாதம் பிடித்தது. உறுப்பினர்களின் வட்டுகளில் மூலப்படங்கள் கிடைத்தன, ஆனால் வேறு பெயர்களில். சிலர் 'அதுதான் தளத்தில் இருக்கிறதே' என்று தங்கள் பிரதியை அழித்துவிட்டிருந்தார்கள். இணையதளத்தையே பெட்டகமாக நம்பியதன் விலை அது. அதன் பிறகு மூலக்கோப்புகளுக்கென்று தளத்துக்கு வெளியே ஒரு தனிச் சேமிப்பை உருவாக்கினோம். 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றுள் 1 வேறோர் இடத்தில் என்று ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவச் செய்த 3-2-1 விதியை அப்படியே எடுத்துக்கொண்டோம். மூலம் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி கிடைத்த பின்தான், தளத்தில் உள்ள நகலைக் குறைப்பதற்கோ மாற்றுவதற்கோ ஒளிப்படக்காரர்களின் எதிர்ப்பு நின்றது.

கோப்புப் பெயர்கள்

மீட்பின்போது இன்னொரு புதிர் தலைகாட்டியது. பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் கோப்பைத் தேடினால் 'இல்லை' என்று விடை வந்தது. 'கொக்கு' என்ற பெயரில் உள்ள 'கொ'வின் உயிர்க்குறியை, கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு குறியீட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு ஒன்றும் கால் ஒன்றும் சேர்ந்த இரு குறிகளாகவும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை இரண்டாவது விதமாகப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த பெயரும் நாம் தட்டச்சு செய்யும் பெயரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு கோப்புகள்.

தமிழ்ப் பெயர்களில் நீளச் சிக்கலும் உண்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு கூடிய மூன்று எழுத்தாக மாறுகிறது. 'கொக்கு' என்ற 6 குறிச் சொல் 54 எழுத்துகளாக நீள்கிறது. இது வெறும் அழகுப் பிரச்சினை என்றுதான் நினைத்திருந்தோம். திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான் என்ற கருவியைப் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகர் ஒருவர், பறவைக் குரல்களுக்காக எங்கள் தளத்துக்கு வருபவர், எங்கள் படங்களைக் கடக்கும்போது கருவி என்ன வாசிக்கிறது என்பதை ஒலிப்பதிவு செய்து அனுப்பினார்: 'விழுக்காடு, ஈ, சுழியம், விழுக்காடு, ஏ, ஈ' என்று அது ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. படத்தைச் சொற்களில் விளக்கும் மாற்றுரை இல்லாத இடத்தில் கருவி கோப்பின் முகவரியை வாசித்திருக்கிறது. அந்தப் பதிவைக் குழுக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டேன். முப்பது நொடிக்கு மேல் எவராலும் கேட்க முடியவில்லை.

கோப்புப் பெயருக்குச் சிறிய ரோமன் எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டும், தமிழ் முழுவதும் தலைப்பிலும் விளக்கத்திலும் மாற்றுரையிலும் என்று அன்று முடிவானது. மாற்றுரை எழுதுவது எளிதன்று. 'மீன்கொத்தி' என்று எழுதினால் உயிரினம் தெரிகிறது, படம் தெரியவில்லை. 'கிளையில் குனிந்து அமர்ந்து, அலகில் மீனைக் குறுக்காகப் பிடித்திருக்கும் மீன்கொத்தி' என்றால், அந்தப் படத்தை ஏன் அங்கே வைத்தோம் என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது. அலங்காரத்துக்கு வைத்த கோட்டோவியங்களின் மாற்றுரையை வெறுமையாக விட்டால் கருவி அவற்றைத் தாண்டிச் செல்லும். அங்கும் விளக்கம் எழுதுவது தொல்லைதான்.

படத்துக்குள் ஒளிந்திருந்த இடம்

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். ஆந்தைக் கூடு ஒன்றின் படத்தை, இடத்தின் பெயரைக் கவனமாகத் தவிர்த்து, தளத்தில் வெளியிட்டிருந்தோம். சில வாரங்களில் அந்த மரத்தடியில் அறிமுகமில்லாத இருவர் கேமராவோடு நின்றிருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, படத்திலேயே இருக்கிறதே என்றார்கள். கைபேசியும் சில கேமராக்களும் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுதியில் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் ஆகியவை எழுதப்படக்கூடும். அந்தப் படத்தில் எல்லாம் இருந்தன.

உடனடியாக, தளத்தில் தெரியும் நகலிலிருந்து இடத் தகவலை அழித்தோம். அது போதவில்லை. பெரிய படங்களுக்கு வேர்ட்பிரஸ் உருவாக்கும் 2560 பிக்சல் நகலின் பெயர் முடிவில் 'ஸ்கேல்டு' என்ற சொல் ஒட்டப்படுகிறது. முகவரியில் அந்தச் சொல்லை மட்டும் நீக்கினால், கைபடாத மூலப்படம் எவருக்கும் திறந்துகொள்ளும். மூலத்தைத் தளத்தில் வைத்திருப்பதன் கேடு இவ்வளவு அப்பட்டமாக வேறெங்கும் வெளிப்படவில்லை. சர்வரில் படத்தைச் செயலாக்கும் நிரலகத்தைப் பொறுத்துச் சிறு நகல்களிலும் தகவல் எஞ்சலாம் என்பதால், ஏற்றுவதற்கு முன்பே எங்கள் கணினியில் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் இடத் தகவலை அகற்றுவதை வழக்கமாக்கினோம். எல்லாத் தகவலையும் துடைத்துவிடுவது இன்னும் எளிது என்று ஒருவர் சொன்னார். ஆனால் படமெடுத்தவரின் பெயரும் உரிமைக் குறிப்பும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ஆகவே இடத்தை மட்டும் எடுத்துப் பெயரை விட்டுவைத்தோம். சேமிப்பில் உள்ள மூலத்தில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பத்தாண்டு கழித்து அந்த ஆந்தைகள் எங்கே கூடு கட்டின என்று ஆராய்பவருக்கு அந்த எண்கள்தான் தேவைப்படும்.

ஒலி

ஒலிப்பதிவாளர்கள் இருவரும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்ற அளவில், சுருக்கப்படாத ஒலி வடிவமான வேவ் கோப்புகளாகப் பதிவுசெய்கிறார்கள். அதன் தரவு வேகம் நொடிக்கு 1152 கிலோபிட். ஒரு நிமிடத்துக்கு 8.64 எம்பி. நொடிக்கு 96 கிலோபிட் வேகத்தில் எம்பி3 ஆக்கினால் 12 நிமிடப் பதிவு முழுவதும் அதே 8.64 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒபஸ் என்ற 2012ஆம் ஆண்டுத் தரவடிவம் அதைவிடச் சிக்கனமானது என்றாலும், பழைய கருவிகளிலும் தடையின்றி ஒலிப்பதால் எம்பி3ஐயே வைத்துக்கொண்டோம்.

ஆர்வமிகுதியால் ஒருவர் சில பதிவுகளை 32 கிலோபிட் வரை இறக்கினார். பேச்சொலியென்றால் அது சமாளிக்கக்கூடியது. ஒலியின் அதிர்வெண்களை வரைந்து காட்டும் ஒலி நிழற்படத்தில் பார்த்தபோது, சிறு பறவைகளின் உச்சக் கீச்சொலி இருக்க வேண்டிய மேற்பகுதி கத்தரித்தாற்போல் வெறுமையாக இருந்தது; குறைந்த வேகத்தில் சுருக்கும் மென்பொருள் உயர் அதிர்வெண்களைத்தான் முதலில் பலிகொடுக்கிறது. அதைவிடக் கொடுமை, வேவ் மூலக்கோப்பு கைக்குக் கிடைக்காத அவசரத்தில், தளத்திலிருந்தே எம்பி3ஐ இறக்கி, வெட்டி, மீண்டும் எம்பி3ஆகச் சேமித்து ஏற்றிய பதிவுகள். ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு கூடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே நூலகம் போன்ற காப்பகங்கள் சுருக்கப்படாத வேவ் கோப்புகளைக் கேட்பதன் காரணம் எங்கள் ஒலிப்பதிவாளர்களுக்கு முன்பே தெரியும். தளத்தைக் கையாண்ட எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆந்தைக் கூட்டின் பாடம் இங்கும் திரும்பி வந்தது. களப்பதிவின் தொடக்கத்திலோ முடிவிலோ நாள், நேரம், இடம் ஆகியவற்றை வாய்மொழியாகச் சொல்லி வைப்பது பறவை ஒலிப்பதிவாளர்களின் நல்ல பழக்கம். அந்தக் குரல் குறிப்போடு அப்படியே வெளியிடப்பட்ட பதிவுகள் 11 இருந்தன. காட்சிநகலில் அதை வெட்டினோம், மூலத்தில் தொடவில்லை.

முகப்புப் பக்கம் திறந்ததும் குயிலோசை தானாக ஒலிக்க வேண்டும் என்பது குழுவின் நெடுநாள் ஆசை. எங்கள் கணினிகளில் அது ஒலிக்கவும் செய்தது. புதிதாக வருபவர்களோ ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். 2018 முதல் குரோம் உலாவி, பயனர் எதையும் தொடாமல் ஒலி எழுவதைத் தடுக்கிறது. ஆனால் மேசைக் கணினியில் ஒருவர் ஒரு தளத்தில் அடிக்கடி ஊடகங்களை ஓடவிட்டிருந்தால் அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. நாள்தோறும் தளத்தில் கிடந்த எங்களுக்கு மட்டும் குயில் கூவிக்கொண்டிருந்தது. தானாக ஒலிக்கும் ஓசை 3 நொடிக்கு மேல் நீடித்தால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை நெறிமுறைகளும் சொல்கின்றன. திரைவாசிப்பானின் குரலும் குயிலின் குரலும் ஒரே நேரத்தில் எழுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தபின் ஆசையைக் கைவிட்டோம்.

காணொளி

காணொளியில் கணக்கு கண்ணெதிரே நின்றதால் முடிவு விரைவாக வந்தது. நொடிக்கு 16 மெகாபிட் வேகத்தில் பதிவான 3 நிமிடக் காணொளி 360 எம்பி. ஆயிரம் பேர் முழுமையாகப் பார்த்தால் 360 ஜிபி. நீண்ட காணொளிகளை யூடியூபுக்கு மாற்றினோம். அங்கே ஏற்றுவது மறுபடி சுருக்கப்படுகிறது என்பதால் அதையும் சேமிப்பாகக் கருதவில்லை. காணொளியை ஓடவிடும் யூடியூபின் இயக்கியைப் பக்கத்தில் நேரடியாகப் பதித்தால், எவரும் பார்க்காத காணொளிக்கும் நிரல்கள் இறங்குகின்றன. அதனால் முதலில் ஒரு நிலைப்படத்தை மட்டும் காட்டி, தொட்ட பின் இயக்கியை வரவழைக்கிறோம். பத்து நொடிக்குள் முடியும் சலனத் துணுக்குகளை எங்கள் தளத்திலேயே வைத்துக்கொண்டோம். அவற்றில் மூன்று, முழுவதும் இறங்கி முடியும் வரை ஓடத் தொடங்காமல் அடம்பிடித்தன. எம்பி4 கோப்பில் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கோப்பின் கடைசியில் எழுதப்பட்டிருந்ததே காரணம். தரத்தைத் தொடாமல் அதை முன்பகுதிக்கு நகர்த்தியதும் சரியாயின. பேச்சு வரும் காணொளிகளுக்கு எழுத்துவரிகள் சேர்க்கும் பணி இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

நின்றுபோன இடம்

இப்போது தளத்தில் மூலக்கோப்பு என்று எதுவும் இல்லை. வட்டு இடம் வாங்கத் தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு நகலுக்கும், அதன் மூலக்கோப்பு சேமிப்பில் எங்கே இருக்கிறது, யார் எடுத்தது, எந்த உரிமத்தில் வெளியிடலாம் என்ற குறிப்பு ஓர் அட்டவணையில் இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பாலோர் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், வணிகப் பயன்பாட்டைத் தவிர்த்த 4.0 உரிமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டவணையில் 26 ஒலிப்பதிவுகளுக்கு எதிரே மட்டும் பெயர் இல்லை. குழு தொடங்கிய காலத்தில் யாரோ ஒரு குறுந்தட்டில் கொடுத்தவை அவை. குரல் குறிப்பு இருக்கிறது, நாளும் இடமும் தெளிவாகக் கேட்கின்றன, பேசுபவர் மட்டும் தன் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குரலை அடையாளம் காண்பவர் எவரும் இப்போது குழுவில் இல்லை. அவற்றைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு, மூலத்தை மட்டும் சேமிப்பில் வைத்திருக்கிறோம்.